ட்ரிவியல் என்ற சொல்லுக்கு ஒன்பது சீட்டுகள்

அகராதி அலுவலகம் ஒரு டயர்க் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. மூன்று அறைகள், ஆறு மேசைகள், சுவர் நெடுக இழுப்பறைகள். கீழே காற்றடிக்கும் சத்தம் ஓயாது. மேலே யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதுவதுதான் அங்கே வேலை. பதினேழு வருடமாக எழுதி, இப்போதுதான் ஆங்கிலத்தின் இருபதாவது எழுத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். மிச்சம் ஆறு எழுத்துக்கு எத்தனை வருடம் ஆகும் என்று அங்கே கேட்கக் கூடாது. கேட்டவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாவது மேசைக்காரர்தான் நம் ஆள். தெருவில் அவரை அகராதிக்காரர் என்பார்கள். அதில் மரியாதை பாதி, நக்கல் பாதி. யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து, "இப்ப ஒரு வார்த்தை சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று சட்டைப் பையிலிருந்து சீட்டை உருவுவார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் உருவியிருக்கிறார் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய்யில்லை. மற்றபடி கெட்ட மனிதர் அல்ல. குடி கிடையாது, கோபம் கிடையாது, வீட்டில் குரலை உயர்த்தியதே இல்லை. அவர் மாமியாரே நாலு பேரிடம் அவரைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொல்லிவந்தார்.

அந்தச் சீட்டு சமாச்சாரத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியங்களை மேசையில் உட்கார்ந்து கற்பனையாக எழுதக் கூடாது என்று ஒரு சட்டம். யாரோ, எங்கேயோ, உண்மையாகப் பேசியிருக்க வேண்டும். காதில் விழுந்த அன்றைக்கே உள்ளங்கை அளவு அட்டையில் எழுதிவிட வேண்டும். உச்சியில் எந்தச் சொல்லுக்கு என்பது. நடுவில் வாக்கியம், கேட்டது கேட்டபடி. கீழே சொன்னவர், இடம், தேதி, கையெழுத்து. இதில் ஒன்று குறைந்தாலும் தலைமைப் பதிப்பாசிரியை அந்தச் சீட்டைக் குப்பையில் போட்டுவிடுவார். அந்த அம்மாளுக்கு அலுவலகத்தில் கத்தரிக்கோல் என்று பெயர். நேரில் மேடம்.

அந்த வருடம் பிப்ரவரி முதல் வாரத்தில் கத்தரிக்கோல் அவரிடம் ஒரு சொல்லைக் கொடுத்தார். ட்ரிவியல்.

பார்த்தால் லேசான சொல். முக்கியமில்லாத என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆனால் அகராதிக்காரர் அப்படி விடுகிற ஆள் இல்லை. இருபது நாள் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டினார். அற்பமான என்று போட்டால் அதில் ஏச்சு இருக்கிறது. சின்ன என்றால் அளவு மட்டும்தான் வருகிறது, சின்ன விஷயம் முக்கியமான விஷயமாகவும் இருக்கலாமே. சில்லறை விஷயம் என்றால் எரிச்சல் கலந்துவிடுகிறது. உப்புப் பெறாத விஷயம், சுண்டைக்காய் விஷயம் என்பதெல்லாம் சண்டையில் வருகிற பேச்சு. ஆங்கிலச் சொல் சண்டைக்கு வருவதில்லை. அது யாரையும் திட்டாமல், முகம் கோணாமல், ஒரு விஷயத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போய்விடுகிறது. இதைக் கண்டுபிடித்தபோது அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டார்.

"அர்த்தம் சரி. மனுஷங்க எதையெல்லாம் இப்படி ஓரமா வைக்கிறாங்க? அதுக்கு ஆதாரம் கொண்டு வாங்க" என்றார் கத்தரிக்கோல். "ஒரு பத்து சீட்டாவது வேணும்."

முக்கியமில்லாத விஷயங்களுக்கு அவர் எங்கே போவார்? எல்லோரும் போகிற இடத்துக்குத்தான் போனார். வீட்டுக்கு.

அவர் மனைவி கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்து பவர் சொல்கிறவள். பதினோரு வருடமாக அதே கடை. காலை ஒன்பதுக்குக் கடையைத் திறப்பதே அவள்தான், சாவி அவள் கைப்பையில் இருக்கும். உள்ளே ஓர் இருட்டறை, அதன் கதவில் அவள் பெயர் எழுதிய சின்னப் பலகை. வருகிறவரின் மூக்கில் கனமான சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு சில்லாகப் போட்டு எடுத்து, "இது தெளிவா, இல்ல இது தெளிவா?" என்று கேட்பாள். அவர்கள் அவசரப்பட்டு எதையாவது சொன்னால் விட மாட்டாள். கால் பவர் கூடக்குறையப் போட்டுக் கொடுத்தால் மனிதன் ஆறு மாதம் தலைவலியோடு திரிவான், காரணமும் தெரியாது என்பாள். அந்த அம்மா இருக்காங்களா என்று கேட்டுவிட்டுத்தான் பாதிப்பேர் கடைக்குள் கால் வைப்பார்கள். அந்த வேலை அவளுக்கு வெறும் வேலையாக இருந்ததில்லை. அது போனால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்று யாரும் யோசித்ததில்லை, ஏனென்றால் அது போகும் என்றே யாரும் நினைக்கவில்லை.

மாலை ஆறரைக்கு வருவாள். முகம் கழுவிவிட்டுச் சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடி அன்றைக்கு நடந்ததில் ஒன்றிரண்டைச் சொல்வாள். நீட்டி முழக்குகிற வழக்கம் அவளுக்கு இல்லை, ஒரு வாக்கியம், கூடினால் இரண்டு. அகராதிக்காரர் மேசையிலிருந்து ம் கொட்டுவார். மார்ச் நாலாம் தேதி அவள் சொன்னாள்.

"கடையில புதுசா ஒரு மெஷின் வாங்கியிருக்காங்க. தாடையை வச்சா போதுமாம், அதுவே பவர் சொல்லிடுமாம். முதலாளியோட மச்சினன்தான் பாத்துக்கப் போறாராம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கடைப் பேச்சு. யாருக்கும் ஒன்றும் ஆகாத விஷயம். தேடிக்கொண்டிருந்த சரக்கு இதுதான். "இரு இரு, இன்னொரு தடவை சொல்லு" என்று சீட்டை எடுத்தார். அவள் நிறுத்தி நிதானமாக மறுபடி சொன்னாள். உச்சியில் ட்ரிவியல் என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே வாக்கியத்தை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

அன்று தொடங்கி அவருக்கு நல்ல வேட்டை.

மார்ச் பதினெட்டு: "என் நாற்காலிய மெஷினுக்கு எடுத்துட்டாங்க. நான் இப்ப ஸ்டூல்ல உக்காந்திருக்கேன்." ஏப்ரல் இரண்டு: "துடைக்கணும்னு என் பேருப் பலகையைக் கழட்டுனாங்க. நாலு நாளாச்சு, இன்னும் மாட்டல." ஏப்ரல் பதினைந்து: "ஒருத்தர் என்னைக் கேட்டு வந்தாரு. நான் லீவுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நான் உள்ளதான் இருக்கேன்." மே மாதம் நான்கு சீட்டுகள். அதில் ஒன்று: "மச்சினன் பாத்துக் குடுத்த கண்ணாடி ரெண்டு திரும்பி வந்துச்சு. புகார் நோட்டுல என் பேரை எழுதி வச்சிருக்காங்க." இதை எழுதி முடித்துவிட்டு அகராதிக்காரர் ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொன்னார். "கடைன்னா நாலும் இருக்கும். விடும்மா."

அவள் விட்டுவிட்டாள். அதாவது, அன்றைக்கு அதற்கு மேல் சொல்வதை விட்டுவிட்டாள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவளை ஏமாளி என்று நினைத்துவிடுவீர்கள். அவர் சீட்டு எழுதுவதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. கடையில் அவள் பேச்சு எடுபடாமல் போய்க்கொண்டிருந்த நாட்கள் அவை. வீட்டில் ஒரு மனிதர் அவள் வாயிலிருந்து வருவதை நிறுத்தச் சொல்லி, திரும்பக் கேட்டு, அப்படியே எழுதிக்கொள்கிறார். உச்சியில் என்ன எழுதுகிறார் என்று அவள் எட்டிப் பார்த்ததில்லை. அலுவலக விஷயம், நமக்கெதற்கு என்று இருந்துவிட்டாள். சொல்லப்போனால் அவர் எழுதுவார் என்பதற்காகவே சில நாள் சொன்னாள்.

ஜூன் ஒன்பதாம் தேதி வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக வந்தாள். முகம் கழுவவில்லை. கைப்பையைத் தோளிலிருந்து எடுக்காமல் நின்றாள்.

"கடைச் சாவிய இன்னைக்கு வாங்கி வச்சுக்கிட்டாங்க."

அவர் எழுதிக்கொண்டார். ஒன்பதாவது சீட்டு. இன்னும் ஒன்று கிடைத்தால் பத்து என்ற நினைப்பில் மூடியைப் பேனாவில் சொருகிக்கொண்டே, "நல்லதாப் போச்சு, காலங்காத்தால ஓடற அலைச்சல் மிச்சம்" என்றார்.

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முகம் கழுவப் போனாள். பத்தாவது சீட்டு அதன் பிறகு கிடைக்கவே இல்லை. மாலையில் அவள் எதுவும் சொல்வதில்லை. அவரும், வேறு சொற்களுக்குச் சீட்டு வேண்டியிருந்ததால், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் இருபத்தைந்தில் கத்தரிக்கோல் அந்தச் சொல்லைக் கேட்டார். இருப்பது ஒன்பதுதான் என்று தயங்கித் தயங்கிக் கொடுத்தார். கத்தரிக்கோலுக்கு ஒரு பழக்கம், எந்தச் சொல்லின் சீட்டுகளையும் தேதி வாரியாக மேசையில் பரப்பி வைத்து நின்றுகொண்டு படிப்பார். ஒன்பதையும் பரப்பினார். படித்தார். முதலிலிருந்து மறுபடி படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து படித்து யாரும் பார்த்ததில்லை.

"யாரு சார் இந்தப் பொண்ணு?"

"வீட்டுலதான் மேடம்."

"வீட்டுலன்னா?"

"என் மனைவி."

கத்தரிக்கோல் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப எங்க இருக்காங்க?"

"கடையிலதான். ஏன் மேடம்?"

"இந்தச் சீட்டையெல்லாம் நீங்க வரிசையாப் படிச்சுப் பாத்தீங்களா?"

படிக்கவில்லை. ஏன் படிக்க வேண்டும்? ஒவ்வொன்றையும் அவரேதான் எழுதினார், ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"மெஷின் வருது. நாற்காலி போகுது. பலகை போகுது. தேடி வந்த ஆளைத் திருப்பி அனுப்புறாங்க. அடுத்தவன் தப்பை இவங்க தலையில எழுதுறாங்க. கடைசியா சாவி." ஒவ்வொரு சீட்டையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். "மூணு மாசமா ஒரு மனுஷியை வேலையில இருந்து கழுத்தப் புடிச்சுத் தள்ளிக்கிட்டிருக்காங்க. நீங்க பக்கத்துல நின்னு சொல் பொறுக்கியிருக்கீங்க. இது முக்கியமில்லாத விஷயம்னு உங்களுக்கு யாரு சொன்னது? அவங்களக் கேட்டீங்களா?"

அவர் மேசையைப் பார்த்தார். அவர் கையெழுத்து ஒன்பது இடத்தில் இருந்தது. ஒன்றொன்றாக வந்தபோது கடுகளவாக இருந்தவை இப்போது ஒன்றாகக் கூடி நின்று அவரைப் பார்த்தன.

அரை நாள் விடுப்பு எழுதிவிட்டு நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனார். பதினோரு வருடத்தில் அவர் அந்தக் கடைக்குள் போனது மூன்று முறை இருக்கும். இருட்டறைக் கதவில் பலகை இல்லை, இரண்டு ஆணித் துளைகள் இருந்தன. கதவு திறந்திருந்தது. உள்ளே கண்ணாடிச் சட்ட அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். முன்கூடத்தில் வெள்ளை மெஷின், அதன் பின்னால் அவள் நாற்காலி, நாற்காலியில் முதலாளியின் மச்சினன்.

"வாங்க சார், உக்காருங்க. தாடைய இதுல வைங்க."

"இங்க கண் பாக்குற அம்மா..."

"அவங்களா? அவங்க நின்னு பதினாறு நாளாச்சே. நீங்க வைங்க சார், ஒரு நிமிஷ வேலை."

அகராதிக்காரர் தெருவுக்கு வந்துவிட்டார். பதினாறு நாள். அந்தப் பதினாறு நாளில் கடைக்கு விடுமுறை நாள் போக மற்ற எல்லாக் காலையிலும் எட்டரைக்கு அவள் கைப்பையோடு கிளம்பினாள். எல்லாக் காலையிலும் அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் போயிட்டு வா என்று சொன்னார். எங்கே போனாள்? அந்த வெயிலில் எங்கே போய் உட்கார்ந்திருந்தாள்? அழுகை வந்தது. வேலை நேரத்தில் கடைத்தெருவில் நின்று ஒரு மனிதர் கண்ணைத் துடைத்துக்கொள்வதை ஒரு பழவண்டிக்காரர் பார்த்து, கண்ணாடிக் கடையிலிருந்து வருகிறவர்தானே, மருந்து போட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டார்.

ஆறரைக்கு அவள் வந்தாள். அவர் மேசையில் எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கடைக்குப் போனீங்களா?"

"போனேன்." எழுந்து நின்றார். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே."

"எப்ப சொன்ன?"

"சாவிய வாங்கிட்டாங்கன்னு சொன்னேன். நீங்க எழுதிக்கூட வச்சீங்க."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகம் வதைத்தது. கைப்பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். கடை கொடுத்த பணி விடுவிப்புக் கடிதம். பதினோரு வருடம் வேலை செய்தவர், முன்னறிவிப்பு இல்லாமல் தாமாகவே நின்றுவிட்டார் என்று இரண்டே வரி.

"இதைக் காட்டினா எந்தக் கடையில சேத்துப்பாங்க? அஞ்சு கடை ஏறி இறங்கிட்டேன். இதைப் படிக்கிறாங்க, முகத்தைப் பாக்குறாங்க, அப்புறம் சொல்றோம்ங்கிறாங்க. சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போறவன்னு என் பேருக்கு எழுதிட்டாங்க. தொழிலாளர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்கேன். வர்ற வியாழக்கிழமை விசாரணை. மாத்தி எழுதிக் குடுக்கச் சொல்லி உத்தரவு போடுவாங்க, ஆனா எப்ப எப்ப என்ன நடந்துச்சுன்னு கேக்குறாங்க. என்கிட்ட ஒரு துண்டு காகிதம் இல்ல. தேதி ஒண்ணும் ஞாபகம் இல்ல." கடிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். "உங்ககிட்ட இருக்குமே. நானே கேக்கணும்னு இருந்தேன். நடந்தது நடந்தபடி எழுதி வச்சிருக்கீங்களே, அது ஒண்ணுதான் எனக்குத் தெம்பு."

தெம்பு. அந்தச் சொல்லைக் கேட்டபோது அவருக்கு எங்கேயாவது ஓடிவிடலாமா என்றிருந்தது. இருக்கு, நாளைக்கு எடுத்துட்டு வரேன் என்றார். சீட்டின் உச்சியில் இருப்பதைச் சொல்ல வாய் எழவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போய், இழுப்பறையிலிருந்து ஒன்பதையும் எடுத்து வைத்துக்கொண்டார். உச்சியில் விரற்கடை அகலம் வெட்டினால் போதும், அந்தச் சொல் போய்விடும். வெட்டிய தடம் தெரியும் என்று பயந்து, புது அட்டைகளை எடுத்துப் பழைய தேதி போட்டுத் திருப்பி எழுதத் தொடங்கினார். இரண்டாவது அட்டையில் இருக்கும்போது கத்தரிக்கோல் வந்து பின்னால் நின்றார். விஷயத்தைக் கேட்டார்.

"சீட்டைத் தாராளமா எடுத்துட்டுப் போங்க. பதிவேட்டுல நான் எழுதிக்கிறேன்" என்றார். "ஆனா இந்தப் புதுசையெல்லாம் கிழிச்சுப் போடுங்க. இன்னைக்கு எழுதி மார்ச் மாசத் தேதி போட்டா அதுக்குப் பேரு பொய்ச் சீட்டு. அங்க ஒருத்தன் கண்டுபிடிச்சான்னா மிச்சம் எல்லாம் பொய்யாயிடும். நீங்க மாட்டுறது பெருசில்ல, அவங்க மாட்டிப்பாங்க."

"மேல இருக்கிற வார்த்தைய அவ பாப்பாளே மேடம்."

"பாப்பாங்க."

அவ்வளவுதான் சொன்னார். தம் அறைக்குப் போய்விட்டார்.

அன்று மாலை ஒன்பது சீட்டையும் மனைவி கையில் கொடுத்தார். அவள் சமையல் மேடையருகே நின்றபடி முதல் சீட்டைப் படித்தாள். முதலில் வாக்கியத்தைத்தான் படித்தாள், முகம் மலர்ந்தது. "அப்படியே எழுதியிருக்கீங்களே" என்றாள். பிறகு பார்வை மேலே போனது. இரண்டாவது சீட்டை எடுத்தாள். மூன்றாவது. ஒன்பதாவது சீட்டு வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், கால் பவர் வித்தியாசம் தேடுகிறவளின் அதே பொறுமையோடு. அந்த ஆங்கிலச் சொல் அவளுக்குத் தெரியாததில்லை.

"ஒம்போதுலயும் இதேதானா?"

"ஆமா."

"சாவி வாங்குனதுலயுமா?"

"ஆமா."

அவர் எதையாவது சொல்ல நினைத்தார். அது அலுவலக முறை, ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு சொல் போட்டே ஆக வேண்டும், வேண்டுமென்று செய்ததில்லை. எல்லாம் உண்மைதான். எதுவும் சொல்லும்படியாக இல்லை. அவள் சீட்டுகளை அடுக்கி, ஒரு ரப்பர் வளையம் போட்டுக் கைப்பையில் வைத்தாள்.

"வியாழக்கிழமை லீவு போடுங்க. கையெழுத்து உங்களுது. நீங்களும் வரணும்."

அதன் பிறகு வியாழக்கிழமை வரை அவர்களுக்குள் பேச்சு இல்லை என்று சொல்ல முடியாது. பால் தீர்ந்துவிட்டது, துணி காய்ந்துவிட்டது என்கிற அளவில் பேசிக்கொண்டார்கள்.

தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை அறை என்பது ஒரு நீள மேசையும் எட்டு நாற்காலிகளும்தான். அதிகாரிக்கு ஜலதோஷம். கைக்குட்டையும் கோப்புமாக உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் கடை முதலாளியும் மச்சினனும், எதிர்ப்பக்கம் இவர்கள் இருவரும். முதலாளி சாந்தமாகப் பேசினார். அந்த அம்மாவை நாங்கள் வீட்டு மனுஷியாக நடத்தினோம், ஒரு குறையும் வைக்கவில்லை, ஒருநாள் திடீரென்று வராமல் போய்விட்டார், எங்களுக்கே வருத்தம்தான் என்றார். நாற்காலியா, பலகையா, அப்படியெல்லாம் எதுவும் நடக்கவே இல்லை என்றார்.

அதிகாரி சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடையின் கோப்பைப் புரட்டி மெஷின் வாங்கிய பில்லை எடுத்தார். மார்ச் மூன்று. முதல் சீட்டு மார்ச் நாலு. புகார் நோட்டைக் கேட்டு வாங்கினார். மே மாதம் அந்த இரண்டு கண்ணாடிகள் திரும்பி வந்த தேதியும், ஏழாவது சீட்டின் தேதியும் ஒன்றாக இருந்தன. அதிகாரி தலையாட்டிக்கொண்டார். அகராதிக்காரருக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

மச்சினன் கழுத்தை நீட்டி மேசையில் இருந்த சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளியின் காதில் ஏதோ சொன்னான். முதலாளி எழுந்து வந்து குனிந்து பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"சார், மேல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாருங்க. எல்லாத்துலயும் ட்ரிவியல்னு போட்டிருக்கு. இவங்க வீட்டுக்காரர் கையெழுத்து. கட்டுன புருஷனே இதெல்லாம் ஒண்ணுமில்லாத விஷயம்னு அன்னைக்கே எழுதி வச்சிட்டாரு. இதைத் தூக்கிக்கிட்டு ஆபீஸுக்கு வந்திருக்காங்க. எங்க நேரம், உங்க நேரம் எல்லாம் வீண்."

அதிகாரி கைக்குட்டையைக் கீழே வைத்துவிட்டு அகராதிக்காரரைப் பார்த்தார்.

"நீங்கதான் எழுதினதா?"

"ஆமா சார்."

"அகராதி ஆபீஸ்ல வேலைன்னு போட்டிருக்கு. இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

இருபது நாள் அந்த ஒரு சொல்லோடு கிடந்தவர். அற்பம், சின்னது, சில்லறை, உப்புப் பெறாதது என்று பக்கம் பக்கமாக எழுதியவர். தப்பித்துக்கொள்ள வழியும் இருந்தது. அது வெறும் வகைப்பாடு சார், இழுப்பறைக்கு எண் போடுகிற மாதிரி, அதற்கும் விஷயத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லலாம். அதிகாரி ஏற்றுக்கொண்டிருப்பார். அவர் தொண்டையைச் செருமினார். "அது வந்து, எங்க ஆபீஸ் முறையில..." என்று தொடங்கவும் செய்தார்.

பக்கத்தில் மனைவி அவரைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த ஒன்பதாவது சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு இந்த ஆள் என்ன சொல்லப்போகிறார் என்ற எதிர்பார்ப்புகூட அந்த முகத்தில் இல்லை. எதிர்பார்ப்பதை நிறுத்தி எவ்வளவு நாளாயிற்று என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தக் கடிதம் மாறிவிடும், வேறு கடை கிடைத்துவிடும். ஆனால் அவள் இனி மாலையில் வந்து நின்று ஒரு வாக்கியம் சொல்வாளா?

"அகராதியில முக்கியமில்லாததுன்னு அர்த்தம் சார்" என்றார்.

முதலாளி பின்னால் சாய்ந்துகொண்டார்.

"ஆனா இந்தச் சீட்டுல அது அர்த்தமில்ல. இதுல அவ சொன்னது ஒவ்வொண்ணும் நிஜம், முக்கியம். மூணு மாசமா அவ எங்கிட்டதான் சொல்லிக்கிட்டிருந்தா. மேல இருக்கிற வார்த்தை அவ சொன்ன விஷயத்தைப் பத்தினது இல்ல, என்னைப் பத்தினது." சீட்டுகளை விரலால் காட்டினார். "பொண்டாட்டி சொன்னதை எழுதிக்கிட்டேன், ஆனா காது குடுத்துக் கேக்கலன்னு அர்த்தம் சார். ஒம்போது தடவையும்."

மச்சினன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அதிகாரி ஒருமுறை மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலாளி பக்கம் திரும்பினார்.

"தேதியெல்லாம் உங்க நோட்டோட ஒத்துப்போகுது. தாமாகவே நின்றுவிட்டார்ங்கிற வரியை எடுத்துட்டு, பதினோரு வருஷ அனுபவத்தைப் போட்டு, வேற கடிதம் ஒரு வாரத்துக்குள்ள குடுத்தாகணும். உத்தரவு இன்னைக்கே வரும்."

முதலாளி ஏதோ ஆரம்பித்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டு அகராதிக்காரரைப் பார்த்தார். அவருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது போலும், குரலைத் தணித்துக்கொண்டார்.

"நீங்க கடைசியா சொன்னீங்களே, அதை வாக்குமூலமா எழுதணும். கோப்புல நிரந்தரமா இருக்கும், யாரு வேணும்னாலும் பாக்கலாம். அப்படியே எழுதட்டுமா, இல்ல கொஞ்சம் பதமாச் சொல்றீங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"அப்படியே எழுதுங்க சார்" என்றாள். "அர்த்தம் சரியாத்தான் சொல்லியிருக்காரு."